மோட்டார் கொட்டாய்த் தண்ணீர்

உத்திரமேரூரைச் சுற்றி எந்தக் கிராமத்துக்கு வேண்டுமானாலும் போய்க் கேட்டுப் பாருங்கள். கிணற்று மோட்டார் புகைந்து நாற்றமடித்தாலும் சரி, போர்வெல்லில் குழாய் அறுந்து உள்ளே விழுந்தாலும் சரி, முதலில் என் பெயரைத்தான் சொல்வார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். அதற்கப்புறம் நான் படித்ததெல்லாம் கிணற்றுக்குள்தான், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு. இன்றைக்குப் பஜாரில் சொந்தமாக மோட்டார் கடை. ஊர்க்கோடியில் மாடி வீடு. வீட்டுக்குப் பின்னால் நிலம், நிலத்தின் அந்தக் கடைசியில் மோட்டார் கொட்டாய். யாரும் கைதூக்கி விடவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

இன்னொரு பெருமையும் உண்டு. எங்கள் பக்கத்தில் குழந்தை பிறந்தால், வாழ்க்கையில் முன்னுக்கு வந்த ஒருவரைக் கூப்பிட்டு அதன் நாக்கில் ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைக்கச் சொல்வார்கள். சேனை வைப்பது என்று அதற்குப் பெயர். வைக்கிறவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்குச் சேனை வைத்தது இந்த விரல்தான். சரியாகப் படிக்காத பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள், அதையும் என் கணக்கில்தான் எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் ஒருவன்கூட வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கவில்லை.

அதனால் என் மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த நாளே, சொந்தப் பேரப்பிள்ளைக்குச் சேனை வைக்கப் போகிறோம் என்று நான் விரலைத் தயாராக வைத்துவிட்டேன். மருமகளும், "மாமாதான் வெக்கணும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

அவளுக்கு ஊர் மாகறல், செய்யாற்றங்கரை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். வளைகாப்பு முடிந்து அனுப்பிவைக்க நாள் பார்த்தபோதுதான் கொரோனாவின் இரண்டாவது அலை வந்தது. அவள் பிறந்த வீட்டுத் தெருவில் நிறையப் பேருக்கு வந்து, தெருவுக்குக் குறுக்கே சவுக்குக் கட்டை கட்டித் தகரம் அடித்துவிட்டார்கள். பெண் இங்கேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. என் வீட்டுக்காரி அவளை முட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நடப்பது போலப் பார்த்துக்கொண்டாள்.

மாதம் நிறைந்துகொண்டிருக்கும்போது எனக்குக் காய்ச்சல் வந்தது. கடையில் ஒட்டியதா, யார் கிணற்றடியிலாவது ஒட்டியதா, இன்றுவரை தெரியாது. சோதித்தார்கள். எனக்கு மட்டும் இருக்கிறது, வீட்டில் மற்ற மூவருக்கும் இல்லை என்று வந்தது. மாடியில் போய் இருக்கலாம், ஆனால் மாடிப்படி கூடத்தின் நடுவில் இருக்கிறது. படியை வெளியே வையுங்கள் என்று மேஸ்திரி சொன்னார், முகப்பு அழகு கெட்டுவிடும் என்று நான்தான் உள்ளே வைக்கச் சொன்னேன். எனவே கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு மோட்டார் கொட்டாய்க்குப் போனேன். அது நான் நின்று கட்டிய கொட்டாய். மின்விசிறி இருக்கிறது, கல் சுவர், எலிகூட வராது. வீட்டுக்கும் அதற்கும் நடுவில் கரும்பு ஆளுயரத்துக்கு நின்றது. இங்கிருந்து பார்த்தால் அங்கே ஒன்றும் தெரியாது.

முதல் நாள் ஃபோனில் பேசினேன். பேசும்போதே இருமல் வந்துவிட்டது. அதைக் கேட்டு மருமகள் அழ ஆரம்பித்துவிட்டாள். காரணம் உண்டு. முந்தின வருஷம் அவளுடைய பெரியப்பா ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் ஃபோன் போட்டு, நன்றாக இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்து, அப்படியே போய்விட்டார். இவளுக்கோ ஏற்கெனவே பிரஷர் ஏறியிருந்தது. பயப்படவே கூடாது, அதிர்ச்சியான சேதி எதுவும் காதில் விழக் கூடாது என்று ஊர் நர்ஸம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார்.

மறுநாள் என் வீட்டுக்காரி கரும்புக்கு இந்தப் பக்கம் வந்து, வரப்பில் தூரமாக நின்றபடி கத்தினாள்.

"இந்தாய்யா, இனிமே ஃபோன் பண்ணாத."

"ஏன், நல்லாத்தான கீறேன்?"

"அவ பெரியப்பனும் அதேதான் சொன்னாரு. ஃபோன்ல நீ இன்னா வேணும்னாலும் சொல்லுவ. காலைல எய்ந்து மோட்டார் போடு. வூட்டுக்குப் பின்னால வாய்க்கால்ல தண்ணி வந்தா நீ எய்ந்துட்டன்னு தெரிஞ்சிக்கிறோம். அது போதும்."

எனக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. யோசனை அவளுடையது என்றாலும், தண்ணீர் என்னுடையது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வயல் மோட்டாருக்கான கரண்ட் எங்களுக்கு எப்போதும் இருக்காது. காலையில் அவர்கள் விடும்போதுதான் வரும். கரண்ட் வந்ததும் தானாகவே மோட்டாரை எடுத்து ஓடவிடும் ஆட்டோ பெட்டி என்று ஒன்று இருக்கிறது. சுற்று வட்டாரத்தில் எல்லாக் கொட்டாயிலும் அதை மாட்டிக்கொடுத்தவன் நான். என் கொட்டாயிலும் மாட்டித்தான் வைத்திருந்தேன், ஆனால் உபயோகித்ததில்லை. என் மோட்டாரை நானே பச்சைப் பட்டனை அமுக்கித்தான் எடுப்பேன். சம்பாதித்து வாங்கிய மோட்டார், அதை எழுப்புகிற சுகத்தை ஒரு பெட்டிக்கு ஏன் விட வேண்டும்?

வீட்டுக்குப் பின்னால் இரண்டு வாய்க்கால்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. ஒன்று பக்கத்து நிலத்துக்காரருடையது, ஒன்று என்னுடையது. அவர் தண்ணீர் கரண்டோடு வந்துவிடும். என்னுடையது ஒரு டீ குடிக்கிற நேரம் கழித்து வரும். இதெல்லாம் யாரும் கவனிக்கிற விஷயமா என்று நான் நினைத்திருந்தேன்.

மருமகள் பின்கட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வயிற்றின் மேல் கையை வைத்தபடி காத்திருப்பாளாம். தண்ணீர் வந்ததும், "மாமா எழுந்துட்டாரு அத்தை" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் நாஷ்டா சாப்பிடுவாளாம். சாயங்காலம் சாப்பாட்டுத் தூக்கைத் தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்று என் மகன் இதையெல்லாம் சொல்வான். அவன் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான், அப்போது கம்பெனி மூடியிருந்தது.

"நைனா, விரல்ல மாட்னியா? எவ்ளோ காட்டுது?"

நர்ஸம்மா கொடுத்த சின்ன மிஷின் அது. விரலில் மாட்டினால் உடம்பில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று காட்டும்.

"தொண்ணூத்தி ஏயு" என்பேன்.

"நேத்தும் அதான சொன்ன?"

"டேய், மூணாங்கிளாஸ் படிச்சவன் இப்பதான் ஒரு பரிச்சையில தொண்ணூத்தி ஏயு வாங்கிக்கினு கீறேன். அது பொறுக்கலியா உனுக்கு?"

அவன் சிரித்துக்கொண்டே போய்விடுவான். முதலில் அந்த எண் உண்மையாகத்தான் இருந்தது. பிறகு மிஷின் வேறு எண்களைக் காட்ட ஆரம்பித்தது. நான் என் எண்ணிலேயே நின்றேன்.

ஒரு நாள் சாயங்காலம் தூக்கை எடுக்க எழுந்தேன். தொட்டி வரைக்கும் நடப்பது, ஆழக் கிணற்றிலிருந்து மோட்டாரைத் தனி ஆளாகத் தூக்குவது போல இருந்தது. சாப்பாட்டை எடுக்காமலே திரும்பி வந்து கட்டிலில் விழுந்தேன். என் நெஞ்சுக்குள் இருக்கிற மோட்டார் காற்றை இழுக்கிறது, ஆனால் தண்ணீர் ஏறவில்லை. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், ஊரில் எத்தனை கிணற்றில் கேட்டிருக்கிறேன். எனக்குப் பயமாக இருந்தது என்று எழுதுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

ஆனால் நான் நினைத்தது என்னைப் பற்றி அல்ல. காலையில் என்னால் எழுந்திருக்க முடியாது. தண்ணீர் வராது. நாற்காலியில் அந்தப் பெண் உட்கார்ந்திருப்பாள். வாய்க்கால் காய்ந்திருப்பதைப் பார்ப்பாள். பெரியப்பா ஞாபகம் வரும், பிரஷர் ஏறும், வயிற்றில் இருப்பதற்கு ஏதாவது ஆகிவிடும். கட்டிலிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு போய், பெட்டியின் சுவிட்சை ஆட்டோவில் திருப்பி வைத்தேன். இனி நான் எழுந்தாலும் எழாவிட்டாலும் தண்ணீர் போகும். அந்த நிலைமையிலும் இப்படி ஒரு யோசனை இந்த மாவட்டத்தில் வேறு எவனுக்கும் வந்திருக்காது. நிம்மதியாகப் படுத்தேன்.

காலையில் கரண்ட் வந்தது. என் தலைமாட்டில் மோட்டார் தானாக எடுத்தது. குழாயிலிருந்து தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடினேன். போய்ச் சேர்ந்திருக்கும், அவள் சாப்பிட உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கண் திறந்தபோது வாசல்படியில் என் வீட்டுக்காரி நின்றிருந்தாள். மாஸ்க்குக்கு மேல் முந்தானையைச் சுற்றிக் கட்டியிருந்தாள். கரும்புத் தோகை கீறி முழங்கையில் சிவப்புக் கோடுகள். வரப்பைச் சுற்றி வராமல் கரும்புக்குள்ளேயே புகுந்து ஓடி வந்திருக்கிறாள்.

"எய்ந்திரு" என்றாள்.

"எய்ந்துதான் கீறேன். தண்ணி வர்ல?"

"வந்துச்சி. பக்கத்து நெலத்துக்காரன் தண்ணியும் நம்ப தண்ணியும் கல்யாண ஜோடி மாதிரி சேந்துக்கினு வந்துச்சி. இத்தினி வருசத்துல உன் தண்ணி என்னிக்கு அவன் தண்ணியோட வந்துகீது?"

"இன்னிக்கு சீக்கிரம் எய்ந்துட்டேன்."

"நீ எய்ந்தா மொதல்ல துண்டத் தேடுவ. அப்பறம் செருப்பத் தேடுவ. ரெண்டும் கெடைக்கலன்னு என்னத் திட்டுவ. அதுக்கப்பறம்தான் பட்டனாண்ட வருவ. விரல நீட்டு."

நான் கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டேன். அவள் படியின் மேல் ஒரு காலை வைத்தாள்.

"உள்ள வராத" என்றேன். மூச்சு வாங்கியது. "உள்ள வந்தா... அந்தப் பொண்ணாண்ட நீ போக முடியாது. இன்னிக்கோ நாளைக்கோன்னு கீறா."

அவள் அங்கேயே நின்றாள். அவள் நின்றது கொஞ்ச நேரம்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் எதையும் யோசித்து நான் பார்த்ததில்லை என்று சொல்லித் திரிந்தவன் நான். அன்றைக்கு அவள் யோசிப்பதை முகத்தில் பார்த்தேன், பாதி முகம் மூடியிருந்தும். இத்தனை மாதம் அவள் கையில் தாங்கிய பிரசவம் அது. முதல் பேரப்பிள்ளையை முதலில் வாங்க வேண்டிய கை அவளுடையது.

"அவளுக்கு அவங்கம்மா கீறாங்க, தகரம் தாண்டியாவது வந்துடுவாங்க" என்றாள். "உனுக்கு யாரு கீறா?"

உள்ளே வந்துவிட்டாள். போர்வையை விலக்கி என் விரலைப் பிடுங்கி மிஷினில் மாட்டினாள். எண்பதுக்குப் பக்கத்தில் எங்கேயோ காட்டியது.

"இதான் உன் தொண்ணூத்தி ஏயா?" என்றாள். அதற்குமேல் திட்டவில்லை. அவள் திட்டாமல் இருந்ததுதான் எனக்குப் பேஜாராக இருந்தது. கரும்பைத் தாண்டி மகனுக்குக் கேட்கும்படி ஒரு குரல் கொடுத்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து என்னைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு முதுகைத் தேய்த்துவிட்டாள். ஆம்புலன்ஸ் வரும்வரை கையை எடுக்கவில்லை.

என்னை ஏற்றும்போது நான் கஷ்டப்பட்டுச் சொன்னது ஒன்றே ஒன்று. "சுவிட்ச தொடாத. கரண்டு."

"நீ போ" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்தது, காற்றும் கிடைத்தது. குப்புறப் படுக்கச் சொன்னார்கள். ஊரில் நிமிர்ந்து நடந்தவனைக் குப்புறப் போட்டுவிட்டீர்களே என்று சொல்ல நினைத்தேன், பேச மூச்சில்லை. முகத்தை மூடிக்கொண்டு உடம்பெல்லாம் பிளாஸ்டிக் உடுப்போடு வருகிற அந்தப் பெண்பிள்ளைகளில் யார் டாக்டர், யார் நர்ஸ் என்று தெரியாது. எல்லாரையும் "தாயி" என்றே கூப்பிட்டேன். ஒரு தாயி மட்டும் என் ஃபோனைக் காதோரம் வைத்துப் பிடித்துக்கொள்ளும்.

முதல் காலையில் மகன் பேசினான். "நைனா, நீ பேசாத. நான் சொல்றத மட்டும் கேளு. எல்லாம் நல்லா கீறோம். அம்மா வூட்டுக்கு வர்ல. கொட்டாயிலியே இருந்துக்கிறேன்னு சொல்டுச்சி. அவ காலைல நாற்காலி போட்டு ஒக்காந்தா. தண்ணி வந்துச்சி."

நான் இருமலுக்கு நடுவில் கேட்டேன். "ஆட்டோலியா?"

"இல்ல நைனா. பக்கத்து நெலத்துல வந்து, ஒரு டீ குடிக்கிற நேரம் கய்ச்சித்தான் வந்துச்சி."

அந்தத் தாயி ஃபோனை எடுத்துவிட்டு, "ஏன் தாத்தா அழறீங்க, நல்ல சேதிதானே?" என்று கேட்டாள். தலையணையில் முகம் இருந்ததால் தப்பித்தேன். என் வீட்டுக்காரிக்கு மோட்டார் பெட்டியைத் தொட நான் அனுமதித்ததே இல்லை. ஒரு நாள்கூடச் சொல்லிக்கொடுத்ததில்லை. அவள் ஆட்டோவை அணைத்துவிட்டு, கரண்ட் வந்ததும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்து, என் நேரத்துக்கு, என் பட்டனை அமுக்கியிருக்கிறாள். மருமகளுக்கு நான் ஆஸ்பத்திரியில் இருப்பது தெரியும், ஆம்புலன்ஸ் சத்தத்தை மறைக்க முடியாதே. ஆனால் வாய்க்காலில் வழக்கம் போலத் தண்ணீர் வந்ததும் அவள் எழுந்து போய்ச் சாப்பிட்டாளாம். "அத்தை எழுந்துட்டாங்க" என்றாளாம்.

அதன் பிறகு எனக்கும் அதுதான் மருந்து. காலையில் ஃபோன் வரும், தண்ணீர் வந்தது என்பான். நான் இன்னொரு பகல் மூச்சு விடுவேன்.

ஒரு காலையில் தண்ணீரோடு இன்னொரு சேதியும் வந்தது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். பிரசவத்துக்கென்று சொல்லி, தகரத்தை விலக்கி, மருமகளின் அம்மாவை மாகறலிலிருந்து விட்டிருந்தார்கள். பிரசவ வார்டில் குழந்தையை முதலில் வாங்கியது அவர் கைதான். என் வீட்டுக்காரிக்கு அதை வரப்பில் நின்று கத்திச் சொன்னார்களாம். அவள் என்ன செய்தாள் என்று மறுநாள் மகனைக் கேட்டேன். "மோட்டார நிறுத்தவே இல்ல நைனா. சாயங்காலம் கரண்ட் போற வரைக்கும் ஓட்னிச்சி. வாய்க்காலுக்கு அந்தாண்ட கீற நம்ப வேர்க்கடலையெல்லாம் மூய்கிடுச்சி" என்றான்.

நான் திரும்பி வந்தபோது சட்டைக்குள் இன்னொரு ஆள் நுழைகிற அளவுக்கு இளைத்திருந்தேன். வீட்டுக்குள் போகாமல் நேராகக் கொட்டாய்க்குத்தான் போனேன். இன்னும் கொஞ்ச நாள் ஒதுங்கி இருக்கச் சொல்லியிருந்தார்கள். அங்கே போனால் தொட்டி பாசியெல்லாம் தேய்த்துப் பளிச்சென்று இருக்கிறது. என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பாய். அவளுக்கும் நடுவில் இரண்டு நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வந்துபோயிருந்தது, எனக்கு யாரும் சொல்லவில்லை.

"அந்த ரெண்டு நாளும் தண்ணி போச்சாமே" என்றேன். "ஆட்டோல போட்டியா?"

"நான் இன்னா உன்ன மாதிரியா?" என்றாள்.

எல்லாருக்கும் சரியாகிவிட்டது என்று சோதித்துச் சொன்ன பிறகுதான் இருவரும் வீட்டுக்குள் போனோம். குழந்தை கூடத்தில் பாயில் கிடந்தது, என் மாடிப்படிக்குக் கீழே. சம்பந்தியம்மா பாலாடைச் சங்கில் கொஞ்சம் தாய்ப்பால் பிழிந்து வைத்திருந்தார். சர்க்கரைத் தண்ணீர் எதுவும் கூடாது, சேனையே வைத்தாலும் தாய்ப்பாலில்தான் வைக்க வேண்டும் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டாராம். "இத்தினி நாளா யாரையும் வெக்க வுடல சம்பந்தி. மாமா வரட்டும்னு சொல்லிக்கினு கீறா உங்க மருமவ" என்றார்.

கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன். உட்கார்ந்து பாலில் விரலைத் தொட்டேன். குழந்தை வாயைத் திறந்து காத்திருந்தது. விரலை அதன் வாயருகே கொண்டுபோனவன் நிமிர்ந்து பார்த்தேன். எதிரில் என் வீட்டுக்காரி முழங்காலைக் கட்டிக்கொண்டு குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இன்னும் அதைத் தொடவில்லை. நான் தொட்ட பிறகு தொடலாம் என்று இருந்தாளோ என்னவோ.

"நீ வை" என்றேன்.

"நானா? நான் இன்னாத்தக் கண்டேன்? கொயந்த உன்ன மாதிரி முன்னுக்கு வரணும்னா நீதான் வெக்கணும்."

"முன்னுக்கு வந்த ஆளக் குப்புறப் போட்டு வெச்சிருந்தாங்க. பட்டன யாரு வேணும்னாலும் அமுக்கலாம். தண்ணி தானா வருதா, ஆள் எய்ந்து போட்டு வருதான்னு பாத்தவொடனே கண்டுபுடிக்கத் தெரியணும். அது எங்கிட்ட கெடையாது. வை."

மருமகள் தூணில் சாய்ந்திருந்தாள். "எனக்கும் அத்தைதான் வெக்கணும்னு தோணிச்சி மாமா" என்றாள் மெதுவாக. "உங்ககிட்ட சொல்றதுக்குத்தான் பயமா இருந்துச்சி."

எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. நானாக விட்டுக்கொடுத்தேன் என்ற பெயராவது மிஞ்சட்டும் என்று பாலாடையை நகர்த்தி வைத்தேன். என் வீட்டுக்காரி பாலில் விரலைத் தோய்த்து அந்தச் சின்ன நாக்கில் வைத்தாள். குழந்தை விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இவளும் எடுக்கவில்லை. எல்லாரும் சிரித்தோம், சிரிக்கும்போது யாரும் யார் கண்ணையும் பார்க்கவில்லை.

அது இப்போது பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. வாய் அப்படியே என்னைக் கொண்டிருக்கிறது. அதற்கு யார் சேனையும் தேவைப்படவில்லை.

என் கொட்டாயிலிருந்து அந்த ஆட்டோ பெட்டியைக் கழற்றிவிட்டேன். ஊருக்கெல்லாம் நான்தான் மாட்டிக்கொடுக்கிறேன், இன்றைக்கும் மாட்டுகிறேன். ஆனால் என் மோட்டாருக்கு வேண்டாம் என்று என் வீட்டுக்காரி சொன்னாள். காலையில் கரும்பு வரப்பைச் சுற்றி நானே நடந்துபோய் அமுக்குகிறேன். நடை முன்பு போல இல்லை, நடுவில் ஒரு தடவை நின்றுதான் போக வேண்டியிருக்கிறது. தண்ணீரை விட்டுவிட்டு, அதன் கூடவே வாய்க்கால் ஓரமாக வீட்டுக்கு வந்தால் பின்கட்டில் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முகத்தைத் தூக்கிப் பார்க்க மாட்டாள்.

"அவன் தண்ணி வந்து எவ்ளோ நேரம் ஆவுது. இன்னிக்கு இன்னா லேட்டு?" என்றாள் இன்று காலையில்.

"செருப்பக் காணோம்" என்றேன்.

"ம்" என்று சொல்லிவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே பாத்திரம் தேய்த்த சாம்பலைக் கழுவ ஆரம்பித்தாள்.